குழாய் வைத்த வீடு

"அக்கா, நீங்கதான் எங்க வீட்டுல குடியிருக்கிறவங்களா?"

காலை எட்டு மணி இருக்கும். கிள்ளான் பட்டணத்தில் எங்கள் போட்டோ ஸ்டூடியோவின் முன்பக்கம் உட்கார்ந்து, முந்தின நாள் கழுவிய படங்களை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். கை முழுக்கப் பசை. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஒரு பெண். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். கழுத்தில் மஞ்சள் வாசனை போகாத தாலிக்கயிறு. ஒரு கையில் தகரப் பெட்டி, இன்னொரு கையில் புதுத் துடைப்பம்.

கேட்ட தோரணையில் கோபம் இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கிற எண்ணமும் இல்லை.

"என்னம்மா கேக்கிற? இது போட்டோ புடிக்கிற கடை."

"முன்னாடி கடை வச்சிருக்கீங்க போல. வீடு பின்னாடி இருக்கா?" என்று கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தாள். "காலி பண்ணிருவாங்க, காலி பண்ணிருவாங்கன்னு அவரும் மூணு மாசமா சொல்லிக்கிட்டே இருக்காரு. அவரு வாயில்லாப் பூச்சி. உங்ககிட்ட கேட்டிருக்கவே மாட்டாரு. அதான் நானே வந்துட்டேன். நீங்க சாமான எடுத்தீங்கன்னா நான் கூட்டிக் கழுவிக்குவேன்."

மடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். எங்கள் கடையில் எடுத்த படம்தான். கோட்டுப் போட்ட ஓர் இளைஞன் விறைப்பாக நிற்கிறான். அவனுக்குப் பின்னால் நாலு படி, இறுகச் சாத்திய கதவு, கம்பி வைத்த ஜன்னல், சுவரோரம் ஒரு தண்ணீர்க் குழாய்.

அட்டையைத் திருப்பிக் காட்டினாள். பின்னால் எங்கள் கடை விலாசம் அச்சடித்திருந்தது.

"பஸ்ஸுக்காரர்கிட்ட இதைக் காட்டினேன். இந்த எடந்தான்னு எறக்கி விட்டாரு."

அந்த வீடு எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கட்டியவளே நான்தான்.

கதவு பார்த்த படலம்

வாசலில் ஒரு பெண்ணை நிறுத்திவைத்துவிட்டுப் பழங்கதை பேசுவது பாவம்தான். ஆனால் பேசாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஜெஞ்சாரோம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து அத்தனை தூரம் பஸ்ஸில் குலுங்கி வந்தவள், இன்னும் கொஞ்ச நேரம் நிற்க மாட்டாளா?

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணப் பந்தலில் மழை கொட்டிய கதையை எழுதியிருந்தேன். "மாப்பிள்ளை வீட்டார் உங்களிடம் எதைப் பார்த்துச் சம்மதித்தார்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். என்னை யாரும் பார்க்கவில்லை அம்மா. எங்கள் வீட்டுக் கதவைத்தான் பார்த்தார்கள்.

என் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பெட்டிகளின் மேல் எண்ணும் எழுத்தும் எழுதுவார். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு ஓர் அறையும் சமையற்கட்டும். டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டு மிஞ்சும் சாயத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார், ஜன்னல் கம்பிக்குப் பூச. பாதி ஜன்னலுக்குப் போகும். மீதி காணாமல் போகும்.

காணாமல் போன சாயமெல்லாம் சமையற்கட்டுக் கதவின் உள்பக்கத்துக்குப் போயிற்று. அதில் ஒரு ரயிலை வரைந்திருந்தேன். ஒவ்வொரு ஜன்னலிலும் எங்கள் வரிசையில் குடியிருந்த ஒரு முகம். எதிர்வீட்டு அத்தையின் மூக்கு மரு உட்பட. அந்த மருவுக்காக அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

பெண் பார்க்க வந்த அன்று என் வருங்கால மாமனார் கை கழுவப் பின்பக்கம் போனார். போனவர் வரவே இல்லை. கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இது யாரு போட்டது?"

அம்மா நடுங்கிக்கொண்டே என் பெயரைச் சொன்னாள். அவர் வெளியே வந்து, பஜ்ஜியைத் தொடாமல், "கமலம் நம்ம கடைக்குச் சரியா வரும்" என்றார்.

அடடா, கலை தெரிந்த மாமனார் கிடைத்துவிட்டார் என்று அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கிள்ளானுக்கு வந்த மறுநாளே குட்டு உடைந்தது. மாமா என் கையில் கொடுத்தது பிரஷ் இல்லை, ஊசிபோல் சீவிய பென்சில். கண்ணாடித் தகட்டில் விழுந்த முகங்களில் அம்மைத் தழும்பை அழிக்க வேண்டும், கண்ணுக்கடியில் இருட்டைக் குறைக்க வேண்டும். சம்பளம் வாங்காத ஓர் ஆள் அந்த வேலைக்குத் தேவைப்பட்டிருந்தது. நான்கு வருஷம் ஊரார் தழும்பைத் துடைத்தேன்.

எல்லோருக்கும் ஒரே கோட்டு

எங்கள் கடையைப் பற்றி நாலு வார்த்தை.

மாமா கேமராக்காரர். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் வேறு மனிதர். வெளியே எடுத்தால் கடைக்காரர். என் வீட்டுக்காரருக்கு இருட்டறை. பகலில் பாதி நேரம் அதற்குள்ளேயே இருந்ததால் வெளியே வரும்போதெல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கோபக்காரர் மாதிரி தெரிவார். அப்படி ஒரு சாதுவை நான் பார்த்ததில்லை. எனக்குப் பென்சில் வேலை போக, வருகிற பெண்களுக்குக் கொசுவம் சரிசெய்து தலைவாரிவிடுகிற வேலை.

கடையில் ஒரே ஒரு கோட்டு இருந்தது. ஒல்லியானவர் போட்டால் முதுகுப்பக்கம் துணிக் கவ்விகளால் பிடித்துவிடுவோம். குண்டானவர் போட்டால் முன்பக்கம் பொத்தான் போடாமல் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து மறைப்போம். ஓடாத கைக்கடிகாரம் ஒன்றும் உண்டு. அதைக் கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் தாமாகவே சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொள்வார்கள். சொல்லித் தர வேண்டியதே இல்லை.

தோட்டங்களில் பால் வெட்டுகிற ஜனங்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் துணியெடுக்கக் கிள்ளானுக்கு வருவார்கள். கடல் தாண்டி ஊருக்கு அனுப்ப அப்படியே ஒரு படம். அந்த இரண்டு நாளில்தான் எங்கள் வருஷமே ஓடும்.

படத்துக்குப் பின்னால் தொங்க ஒரு திரை வேண்டும் அல்லவா? மாமாவிடம் ஓர் அரண்மனைத் திரை இருந்தது. தூண்கள், ஏரி, ஏரியில் ஓர் அன்னம். கிள்ளான் ஈரத்தில் அன்னத்தின் கழுத்தில் பூஞ்சணம் பிடித்து, வருகிற படத்திலெல்லாம் அதற்குத் தாடி முளைத்திருந்தது.

"சிங்கப்பூர்ல சொல்லி வேற ஒண்ணு வாங்கணும்" என்றார் மாமா.

"நான் வரையறேன் மாமா."

இருட்டறைக்குள் ஏதோ விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர்தான்.

மாமா வெற்றிலையை மென்றுகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஒரு தீபாவளி. ஆளுங்க உன் திரைக்கு முன்னாடி நின்னா, நீயே வரை, நான் குறுக்க வரல. நிக்காம போயிட்டா பென்சிலோட சரி. அப்புறம் பிரஷ்ஷப் பத்தி இந்தக் கடையில பேச்சே வரக் கூடாது. சரி லா?"

சரி என்றேன். நான் ஆசைப்பட்டு வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான். நகை இல்லை, புடவை இல்லை, பன்னிரண்டு அடித் துணி.

கேமராவின் கண்

துறைமுகத்தில் பாய் தைக்கிறவரிடமிருந்து கெட்டித் துணி வந்தது. பசையைக் காய்ச்சி, சுண்ணாம்புத் தூள் போட்டுக் கலக்கி, சாயம் சேர்க்க வேண்டும். அந்தப் பசை நாற்றத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் மூன்று நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்.

என்ன வரைவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலை! ஒரு தடவை மாமாவுடன் ஒரு தோட்டத்துக் கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தது. மரங்களுக்கு நடுவில் பனி, பனிக்குள் சிவப்பாக வெளுக்கிற கிழக்கு. இத்தனை அழகு கண்ணெதிரே இருக்கும்போது எவனோ ஒரு ராஜாவின் அரண்மனை எதற்கு?

"கலர்ல போடாதே. கேமராவுக்குக் கண்ணு வேற" என்றார் மாமா.

வயசானவர், அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, குங்குமச் சிவப்பில் வானத்தை நிரப்பினேன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

மாமா ஒரு தகடு எடுத்துப் பார்த்தார். அந்தக் காலத்துத் தகட்டுக்குச் சிவப்பு என்றால் கறுப்பு. என் விடியற்காலை தோட்டத்துக்கே தீப்பிடித்துக் கரும்புகை கிளம்பியது மாதிரி விழுந்திருந்தது. அவர் "ம்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

வெள்ளையும் கறுப்பும் நாலு வகைச் சாம்பலும் கலந்து மறுபடி முழுக்க வரைந்தேன். நிறத்தைப் பறிகொடுத்த துக்கத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் திரை நன்றாகத்தான் வந்திருந்தது. இன்றைக்கும் சொல்வேன், நன்றாகத்தான் வந்திருந்தது.

கழற்றி மடித்துக் கொடுத்த கோட்டு

முதல் ஞாயிறு. முதல் ஆள் கோட்டை மாட்டி, கடிகாரம் கட்டி, பௌடர் பூசி வந்து நின்றார். மாமா துணிக்குள் தலையை விட்டார். அந்த மனிதர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, பால்மரமா?"

"ஆமாங்க. விடியக்காலை" என்றேன் பெருமையாக.

"விடியக்காலையிலதான் தெனம் அதப் பாக்கிறேனே. மரம் மரமா வெட்டிக்கிட்டுத்தானே நிக்கிறேன். ஞாயித்துக்கெழமையும் அது மூஞ்சியில முழிக்கவா குளிச்சு முழுகி வந்தேன்?"

கோட்டைக் கழற்றினார். மரியாதையாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது.

அடுத்து வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினார்கள். பாசார் சந்தைப் பக்கம் சீனர் ஒருவரின் ஸ்டூடியோவில் மோட்டார் கார் வரைந்த திரை இருந்தது. கூட்டம் அங்கே நகர்ந்தது. மாமா கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெற்றிலையைக்கூட மறந்துவிட்டார். ரசனை கெட்ட ஜனம் என்று எனக்குள் பொருமினேன். அவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது என் கிழக்கு வானத்தை அல்லவா!

கடைசியாக ஒரு பெண்ணுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். அவளும் திரையைப் பார்த்துவிட்டாள்.

"வேணாங்க. இத அனுப்பினா, காட்டுக்குள்ள கெடக்கிறா எம் பொண்ணுன்னு எங்கம்மா அழுவும்."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. "பின்ன எதுக்கு முன்னாடி நிக்கணும் உங்களுக்கு? அரண்மனைக்கா?"

"அரண்மனை எதுக்குங்க? அம்புட்டையும் யாரு கூட்டறது?" என்று சிரித்தாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "ஒரு கதவு இருந்தாப் போதும். உள்பக்கம் தாப்பா வச்சது. எங்க லயத்துல வரிசையா ஒட்டின வீடு, நடுச்சுவரு கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டு ஆளு இருமினா எம் புள்ள எந்திரிச்சுரும்."

சீப்பு அவள் தலையிலேயே நின்றுவிட்டது.

அவளுடைய புருஷனைக் கேட்டேன். படி வேண்டும் என்றான். மழை பெய்தால் தண்ணீர் நேரே உள்ளே வருகிறதாம். நாலே நாலு படி போதுமாம். வாசலில் நின்ற ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்குக் கம்பி வைத்த ஜன்னல். கூட இருந்த அவர் சம்சாரம், பேச வெட்கப்பட்டுக்கொண்டு, புருஷன் காதில் எதையோ சொன்னாள்.

"வீட்டோட ஒரு கொழாயாம்" என்றார் அவர். "இவளுக்குத் தெனம் கொழாயடியில சண்டை."

ஆறு நாளில் ஒரு வீடு

பால்மரங்களின் மேலேயே சுண்ணாம்பு அடித்தேன். அடிக்கும்போது அழுதேன். மறைப்பானேன்?

ஆறு நாளில் ஒரு வீடு எழுந்தது. படி சுலபம். ஜன்னல் சுலபம். உள்பக்கத் தாழ்ப்பாளை வெளியே நிற்கிற ஆளுக்கு எப்படிக் காட்டுவது? இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். கடைசியில் கதவைச் சாத்தி வரைந்தேன். பார்த்த உடனே உள்ளே தாழ்ப்பாள் விழுந்திருக்கிறது என்று தெரிகிற மாதிரி ஒரு சாத்தல்.

குழாயை வரைந்தபோது மாமா வந்து பின்னால் நின்றார்.

"கொழாய்க்கு முன்னாடி எவனாச்சும் நின்னு போட்டோ எடுப்பானா?"

"எடுப்பாங்க மாமா" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

இரண்டாவது ஞாயிறு வரிசை கடையைத் தாண்டி நடைபாதையில் நின்றது. எப்படித்தான் செய்தி பரவியதோ! ஒவ்வொருவரும் நின்ற பிறகு கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "கொழாய் தெரியுதுங்களா?" மாரிமுத்து என்றொரு ஒல்லிப் பையன். கோட்டுக்குப் பின்னால் நாலு கவ்வி தேவைப்பட்டது. "நான் கொழாய மறைக்கிறேன், கொஞ்சம் தள்ளிக்கிறேன்" என்று தள்ளித் தள்ளிப் படத்தைவிட்டே வெளியே போய்விட்டான். மாமா அவனை இழுத்து நிறுத்த வேண்டியதாயிற்று.

மாமா அன்றைக்கும் என்னைப் பாராட்டவில்லை. ஆனால் பென்சிலோடு சரி என்ற பேச்சு எழவில்லை. பிரஷ்கள் டப்பாவில் போட்டபடி அலமாரியிலேயே இருந்தன. எனக்கு அது போதுமாக இருந்தது. இனி இந்தக் கடையில் நானும் ஒரு ஆள் என்று நிம்மதியாக இருந்தேன், ஒரு வருஷம் போல.

அப்போதுதான் துடைப்பத்தோடு அந்தப் பெண் வந்து நின்றாள்.

பின்பக்கம் சுவர்

அவள் பெயர் அஞ்சலை. மாரிமுத்து ஊருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக் கூட்டிவந்தவள்.

அவளை உள்ளே கூட்டிப் போனேன். கண்ணாடிக் கூரை வழியாகக் காலை வெயில் திரையின் மேல் விழுந்திருந்தது. படி, கதவு, ஜன்னல், குழாய், எல்லாம் சாம்பல் நிறத்தில்.

அஞ்சலை தகரப் பெட்டியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே சுவரும், கால் உடைந்த இரண்டு நாற்காலியும், அன்னம் நீந்துகிற பழைய திரைச் சுருளும்தான் இருந்தன. திரும்பி வந்து குழாயைத் தொட்டாள். விரலில் சாம்பல் ஒட்டிக்கொண்டது.

"இதாங்களா?" என்றாள்.

"இதான்மா. நான்தான் வரைஞ்சேன்."

அந்த நேரம் பார்த்து மாரிமுத்து ஓடிவந்தான். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அவளையும் திரையையும் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"நான் வீடு இருக்குன்னு சொல்லல அஞ்சலை. படத்தப் பாத்துட்டு உங்கப்பாதான் 'வீடு நல்லாயிருக்கு'ன்னு எழுதினாரு. நான் இல்லேன்னு எழுதல. அப்புறம் எழுத முடியல."

"குடியிருக்கிறவங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மூணு மாசமா லயத்துக் கொழாயடியில வரிசையில நிக்கிறேன்" என்றாள் அஞ்சலை. "எங்க வீட்டுலயே கொழாய் இருக்கு, நாலு நாளைக்குத்தான் உங்களோட சண்டைன்னு ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லியிருக்கேன். அதான் சிரிச்சாளுங்களா?"

கோட்டுப் போட்டு, கொசுவம் வைத்து, குழாய் தெரிகிறதா என்று பார்த்துச் சரிசெய்து அனுப்பியவள் நான். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு மாமா வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருவது வருஷம் அரண்மனைய வச்சுப் படம் எடுத்தேன். ஒருத்தராச்சும் அரண்மனையத் தேடி வந்தாங்களா? பாத்தாலே தெரியும், அது திரைன்னு. நீ வரைஞ்சத நம்பிட்டாங்க கமலம்."

என் ஓவியத்துக்கு அதைவிடப் பெரிய பாராட்டு அப்புறமும் கிடைத்ததில்லை. அதைக் குற்றமாகத்தான் சொன்னார்.

"இன்னும் எத்தனை பேரு பெட்டியத் தூக்கிக்கிட்டு வருவாங்களோ. ஏமாத்துற கடைன்னு பேரு வந்தா அவ்வளவுதான். இன்னிக்கே சுண்ணாம்பு அடிச்சிரு. பழைய திரையத் தட்டி மாட்டிக்கலாம். இனிமே நீ வரைய வேணாம்."

நான் எதிர்த்துப் பேசுகிறவள். இந்தத் தொடரைப் படித்துவருகிற உங்களுக்கு அது தெரியும். அன்றைக்குப் பேசவில்லை. அவர் சொன்னது நியாயம் என்றே பட்டது. போய்ச் சுண்ணாம்பு வாளியையும் அகலப் பிரஷ்ஷையும் எடுத்து வந்தேன். வாளியை வைத்த சத்தத்தில் அஞ்சலை திரும்பினாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"அழிக்கிறேன்மா."

"யாரு வீட்ட யாருக்கா அழிக்கிறது?"

நான் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றேன். அவள் என்னை விட்டுவிட்டுப் புருஷன் பக்கம் போனாள்.

"இனிமே ஏதாச்சும் இல்லேன்னா, இல்லேன்னு சொல்லணும்."

"சொல்றேன்."

"எங்கிட்ட சொன்னாப் போதும். எங்கம்மாவுக்கு எழுத வேணாம். அது பாவம், ஊரு பூராக் காட்டி வச்சிருக்கு." கண்ணைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். "நாங்க வந்ததுலேருந்து ரெண்டு பேரும் நிக்கிற படம் ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு. ஐயா, இப்ப எடுப்பீங்களா?"

"எடுக்கலாம்மா" என்றார் மாமா. "பழைய திரை ஒண்ணு இருக்கு, அத மாட்டிடறேன்."

"அது எதுக்குங்க? எங்க வீட்டு முன்னாடியே எடுங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். இருட்டறைக் கதவைத் திறந்துகொண்டு என் வீட்டுக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

அஞ்சலை திரைக்கு முன்னால் போய் நின்று பார்த்தாள். ஏதோ சரியில்லை என்பதுபோல் உதட்டைச் சுழித்தாள்.

"அக்கா, கதவு சாத்தியிருக்கே. குடியிருந்தவங்க போயிட்டாங்க, நாங்க வந்துட்டோம்னு எப்படித் தெரியும்? அதக் கொஞ்சம் தொறந்து விடறீங்களா?"

நான் மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மாரிமுத்துவிடம், "காய ஒரு மணி நேரம் ஆகும் தம்பி. பொண்ணக் கூட்டிட்டுப் போயிப் பசியாறிட்டு வா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன நின்னுக்கிட்டிருக்க? சுண்ணாம்ப வச்சுட்டு நல்ல பிரஷ்ஷ எடு."

எடுத்தேன். சாத்திய கதவின் மேல் ஒரு கோடு இழுத்து, ஒரு பலகையை உள்ளே தள்ளினேன். வீட்டுக்குள் முதல் முறையாக இருட்டுத் தெரிந்தது. என்னதான் வரைவது அங்கே? வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன்.

"அஞ்சலை, உள்ள என்னம்மா போடட்டும்?"

"ஒண்ணும் வேணாங்கக்கா" என்றாள். "இப்பத்தானே குடி வந்திருக்கோம். இனிமேத்தான் ஒவ்வொண்ணா வாங்கணும்."